மெஹ்ரோலியில் தேனீக்கள் கலைந்த காலை

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்து போய்விட்டேன். பயணம் போய்வந்த வாரமே எழுதிவிடுவது என் வழக்கம். இதற்கு மட்டும் ஆறு வாரம் ஆகிவிட்டது. ஜன்னலில் ஒரு ஈ வந்து முட்டினாலும் இப்போது எனக்கு எழுந்து நிற்கத் தோன்றுகிறது. ஆனாலும் மெஹ்ரோலிக்குப் போக நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போவது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

குதுப் மினார் பார்த்து முடித்த பிறகு பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்து ஒரு காபி குடிக்க இடம் உண்டா என்று ஊரிலிருந்து வருகிற நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். என் அலுவலகத் தோழி ஒருத்தி மெஹ்ரோலிக்குள் ஒரு பழைய வீட்டில் ஒரு பெண்மணி நடத்தும் சின்ன கஃபே இருப்பதாகச் சொன்னாள். மார்ச் மாதம், ஹோலி முடிந்த அடுத்த ஞாயிறு. ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டு ஏசியை இன்னும் போடாத அந்த இரண்டு மூன்று வாரங்கள்தான் டெல்லியில் நடந்து சுற்ற ஏற்ற காலம். அதை விட்டால் பிறகு அக்டோபர்தான்.

நாங்கள் இருப்பது கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில். நான் ஒரு அமைச்சகத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவர் செல்வம் பொதுத்துறை நிறுவனமொன்றில் பொறியாளர். இருவருக்கும் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். டெல்லிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. மகன் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். அதனால் ஞாயிறு என்றால் நாங்கள் இருவர் மட்டும்தான்.

போகும் வழி எளிது. ஐ.என்.ஏ. மெட்ரோ நிலையத்தில் மஞ்சள் தடத்தில் ஏறினால் குதுப் மினார் நிலையம் கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டணம் ஆளுக்கு இருபத்தொரு ரூபாய். நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர்கள் மொய்ப்பார்கள். மெஹ்ரோலி கடைத்தெரு இரண்டு கிலோமீட்டர்தான். நூற்றைம்பதில் ஆரம்பித்தார்கள், எண்பதுக்கு முடிந்தது. கடைத்தெருவுக்குள் ஆட்டோவைக் கொண்டுபோகாதீர்கள். முனையிலேயே இறங்கி நடப்பதுதான் வேகம். கார் எடுத்து வந்தால் நிறுத்த இடம் தேடியே காலைப் பொழுது போய்விடும்.

மெஹ்ரோலி டெல்லிக்குள் இருக்கிறது என்று நம்பவே முடியாது. வேறு ஏதோ சின்ன ஊருக்கு வந்துவிட்டது மாதிரி இருக்கும். பாத்திரக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் திடீரென்று எழுநூறு எண்ணூறு வருடத்துச் சுவர் ஒன்று நிற்கும். அதில் யாரோ துணி காயப்போட்டிருப்பார்கள். இலவ மரங்கள் சிவப்பாகப் பூத்துத் தெருவெல்லாம் தடித்த பூக்கள் கிடந்தன. அந்தப் பூவுக்காகத்தான் மலைத்தேனீக்கள் அந்தச் சமயத்தில் டெல்லிக்கு வருகின்றன என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கஃபேயின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அதை நடத்தும் ரேணு ஜி கேட்டுக்கொண்டார். கடைத்தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், இருநூறு மீட்டர் உள்ளே இருக்கிறது. மெல்லிசான பழைய செங்கல்லில் கட்டிய வீடு. முன்பக்கம் மூன்று சிறிய அறைகள், பின்னால் வேப்பமரம் நிற்கிற ஒரு முற்றம். அறைக்கு அறை வேறு வேறு நாற்காலிகள், அலமாரி நிறையப் புத்தகங்கள், குளிருக்குப் போர்த்துகிற தடித்த பஞ்சு ரஜாய்கள் மடித்து அடுக்கிய ஒரு மரப்பெட்டி. அதன்மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. காபி நூற்று அறுபது ரூபாய், நெல்லிக்காய் ஜாம் தடவிய டோஸ்ட் நூற்று இருபது. ரேணு ஜிக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவரே காபி போட்டு அவரே கொண்டுவந்து வைக்கிறார். காபி நன்றாக இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்குச் செய்கிற அநியாயம்.

முற்றத்தின் கடைசியில் இடுப்பளவுச் சுவர், அதில் ஒரு சின்ன மரக்கதவு. அதைத் திறந்தால் புதர் மண்டிய வெட்டவெளி, ஐம்பது அடி தள்ளி ஒரு பழைய கல்லறைக் கட்டடம். யாருடையது என்று பலகை கிடையாது. குவிமாடம் பாதி இடிந்திருக்கிறது. சுற்றிலும் நம் ஊர்ச் சீமைக்கருவேலம்தான். இங்கே அதைக் கீக்கர் என்பார்கள்.

டோஸ்டைக் கொண்டுவந்தபோதே ரேணு ஜி எங்களை எச்சரித்தார். கட்டடத்தைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள், வளைவுக்குக் கீழே போகவேண்டாம் என்றார். முதலில் எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. விரலை நீட்டிக் காட்டினார். வளைவின் உட்பக்கத்தில் கறுப்பாக ஒரு சாக்கைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. ஒரு ஆள் உயரம் இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கறுப்பின் மேல் ஒரு அலை மேலிருந்து கீழே ஓடியது. காற்று இல்லை. மறுபடியும் ஓடியது. அத்தனையும் தேனீ என்று அப்போதுதான் உறைத்தது. என் கை தானாகவே செல்வத்தின் முழங்கையைப் பிடித்தது.

"நம்ம களக்காட்டு மலையில இத விடப் பெருசா பாத்திருக்கேன்" என்றார் அவர். "நாம சும்மா இருந்தா அதுவும் சும்மா இருக்கும்."

எனக்கு உள்ளே போய் உட்காரவேண்டும் போலிருந்தது. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு முற்றத்திலேயே உட்கார்ந்தேன். காபி பாதி குடித்திருக்கும்போது அவருக்கு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. முற்றத்தில் சிக்னல் விட்டு விட்டு வந்ததால் பேசிக்கொண்டே மரக்கதவைத் திறந்து வெளியே போனார். கல்லறைக்கு நேரே போகாமல் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடப்பதைப் பார்த்தேன். பிறகு கட்டடம் மறைத்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் வெட்டவெளியின் மறுமுனையில் ஒரு கார் வந்து நின்றது. சிவப்பு லெஹங்கா அணிந்த ஒரு பெண், ஷெர்வானி போட்ட ஒரு பையன், கேமராக்காரர் ஒருவர். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற போட்டோக்களுக்காக டெல்லியின் எல்லாப் பழைய கட்டடத்துக்கும் இப்படி யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். கேமராக்காரர் பையிலிருந்து இரண்டு குழல்களை எடுத்தார். பற்றவைத்தால் கலர் புகை வருகிற குழல்கள்.

ரேணு ஜி அதைப் பார்த்ததும் தட்டை அப்படியே வைத்துவிட்டு மரக்கதவுக்கு ஓடினார். வேண்டாம், கூடு இருக்கிறது, புகை வைக்காதே என்று அங்கிருந்தே கத்தினார். கேமராக்காரர் திரும்பிப் பார்த்து, "தோ மினட், ஆன்ட்டி" என்று இரண்டு விரலைக் காட்டினார். ஒரு குழலிலிருந்து இளஞ்சிவப்புப் புகை கிளம்பி, வளைவை நோக்கி மெதுவாகத்தான் போனது.

முதலில் சத்தம்தான் வந்தது. தூரத்தில் லாரி ஏறுவது போன்ற ஒரு உறுமல். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் நான் சந்துப் பக்கம் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அந்தக் கறுப்புச் சாக்கு வளைவில் இல்லை. அது காற்றில் இருந்தது.

எல்லோரும் உள்ளே, கையை வீசாதீர்கள், ஜல்தி என்று ரேணு ஜி கத்திக்கொண்டே எங்களைத் தள்ளினார். முற்றத்தில் என்னைத் தவிர, கைக்குழந்தையோடு ஒரு இளம் தாய் மட்டும் இருந்தாள். மூவரும் நடு அறைக்குள் புகுந்ததும் ரேணு ஜி கதவைச் சாத்தித் தாழ் போட்டார். விளக்கை அணைத்தார். ஜன்னலின் கீழ் இடுக்கில் மேசைவிரிப்பைச் சுருட்டி அடைத்தார். எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதற்குள்ளாகவே கண்ணாடியில் டப் டப் என்று விழ ஆரம்பித்தன. ஆலங்கட்டி மழை மாதிரி. ஒவ்வொன்றும் என் கட்டைவிரலில் பாதி நீளம்.

"என் வீட்டுக்காரர் வெளியே இருக்கார்" என்று நான் தமிழில் சொன்னேன். இரண்டாவது முறையும் தமிழில்தான் வந்தது. பதினோரு வருடமாகப் பேசுகிற ஹிந்தி அந்த நேரத்தில் வாயிலேயே இல்லை. ரேணு ஜிக்கு அது எப்படியோ புரிந்துவிட்டது.

போன் செய்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுத்தால் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை. ஓடுங்கள் என்பதா, ஓடாதீர்கள் என்பதா. அடுக்களையில் ஒரு ஈ வந்தாலும் கையை வீசி விரட்டுகிறவர் அவர். அந்தக் கையை இப்போது வீசிக்கொண்டிருப்பாரோ என்ற ஒரே நினைப்புதான் ஓடியது. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தேன். என் முகத்துக்கு நேரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவை கொடுக்கை நீட்டி நீட்டிக் குத்திக்கொண்டிருந்தன.

புகைக்குப் பின்னாலிருந்து முதலில் வந்தது ஷெர்வானிப் பையன். காரை நோக்கி ஓடி உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். கேமராக்காரர் கேமராவைப் போட்டுவிட்டு எங்கோ ஓடினார். அந்தப் பெண்ணைக் காணவில்லை. செல்வத்தையும் காணவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது.

பிறகு புதர் ஓரமாக ஒரு உருவம் வந்தது. இரண்டு பேர். செல்வம் தன் சட்டையைக் கழற்றி அந்தப் பெண்ணின் தலையை மூடி, அவளை ஒரு கையால் அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். பனியன் மட்டும்தான் அவர் உடம்பில். முதுகு கறுப்பாகத் தெரிந்தது. அவர் மரக்கதவு இருக்கும் பக்கம் வரவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் சுவரைத் தடவிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

நான் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அந்த இளம் தாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "தீதி, என் குழந்தை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கதவைத் திறந்தால் அத்தனையும் உள்ளே வரும். திறக்காவிட்டால் அவர் அங்கேயே விழுந்துவிடுவார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன், அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளே குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு அறையை ஒட்டிய குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளிருந்து, "இப்போ திறங்க" என்று குரல் வந்தது.

ரேணு ஜி மரப்பெட்டியிலிருந்த ரஜாய்களை இழுத்துப் போட்டார். பூனை எப்போதோ ஓடிவிட்டிருந்தது. என் தலைமேல் ஒன்று, அவர் தலைமேல் ஒன்று, கையில் இன்னொன்று. கீழே பார்த்துக்கொண்டு நட, ஓடாதே, கொட்டினாலும் அடிக்காதே, அடித்தால் அந்த வாசனைக்கு இன்னும் வரும் என்றார். கதவைத் திறந்து வெளியே போனோம்.

அந்த ரஜாய்க்குள் இருட்டு. பஞ்சுக்கு மேல் மழை மாதிரி விழுந்துகொண்டிருந்தன. என் காலைத்தான் பார்க்க முடிந்தது. சேலை கட்டாமல் ஜீன்ஸ் போட்டு வந்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். கணுக்காலில் தீக்கங்கு வைத்தது போல ஒன்று, புறங்கையில் இரண்டு. கத்தக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டே மரக்கதவைத் தாண்டினேன். ரேணு ஜி என்னிடம் அவர் பெயரைக் கேட்டு, "செல்வம் ஜி, இதர், இதர்", இந்தப் பக்கம் என்று குரல் கொடுத்துக்கொண்டே முன்னால் போனார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவர் திரும்பினார். மூன்றாவது ரஜாயை இரண்டு பேர்மேலும் போட்டோம். நால்வரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து சேர்ந்தோம்.

கூடவே இருபது முப்பது தேனீயும் வந்தன. ரேணு ஜி எதிர் ஜன்னலின் திரையை மட்டும் விலக்கினார். அவை வெளிச்சத்தைப் பார்த்துப் போய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. நாங்கள் இருட்டான மூலையில் தரையில் உட்கார்ந்தோம்.

மான்சி என்று தன் பெயரைச் சொன்னாள் அந்தப் பெண். முகத்திலும் கையிலும் கொட்டியிருந்தன, அழுதுகொண்டே இருந்தாள், ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. செல்வத்தின் முதுகிலும் கழுத்திலும் கொடுக்குகள் நட்டு நின்றன. பிடுங்காதே, பிடுங்கினால் விஷம் இன்னும் உள்ளே போகும் என்று சொல்லிவிட்டு ரேணு ஜி ஒரு பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி எடுத்தார். நானும் என் மெட்ரோ அட்டையால் சுரண்டினேன்.

ஏன் அந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்டேன். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. அவர் கண்ணை மூடியபடியே சொன்னார்.

"அந்தப் புள்ள பாவாட முள்ளுல மாட்டிக்கிட்டு நின்னுச்சு சுமதி. விட்டுட்டு எப்படி வர?"

கொஞ்ச நேரத்தில் சத்தம் குறைந்தது. பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் செல்வம் உள்ளங்கையைச் சொறிய ஆரம்பித்தார். அங்கே ஒன்றும் கொட்டியிருக்கவில்லை. பிறகு வயிற்றைச் சொறிந்தார். போன் வெளிச்சத்தில் பார்த்தேன். மார்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்துக்கொண்டிருந்தது. உதடு வீங்கியிருந்தது. ரேணு ஜி ஒரு அலர்ஜி மாத்திரை கொடுத்தார். அதை விழுங்க அவர் இரண்டு முறை முயன்றார்.

"தொண்டை என்னமோ பண்ணுது" என்றார். அது அவர் குரலே இல்லை. இருபது வருடமாகக் கேட்கிற குரல், யாரோ கழுத்தைப் பிடித்துக்கொண்டு பேசவைப்பது மாதிரி வந்தது.

நான் வாழ்க்கையில் பட்ட பயம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாலும் அந்த நிமிடத்துக்கு ஈடாகாது. கண்ணாடிக்கு வெளியே இருந்ததைத் துணியை அடைத்துத் தடுக்க முடிந்தது. இது அவருக்கு உள்ளே இருந்தது. அவசர எண்ணுக்கு அழைத்தேன். ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆகும், சந்துக்குள் வண்டி வராது, முனைக்குக் கொண்டுவாருங்கள் என்றார்கள். ரேணு ஜி காத்திருக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். மருத்துவமனை மூன்று கிலோமீட்டர்தான். சந்துப் பக்கம் தேனீ அவ்வளவு இல்லை. முன்வாசல் வழியாக நடந்துவிடலாம்.

மறுபடியும் ரஜாய். இந்த முறை செல்வத்தின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் ரேணு ஜி. இருநூறு மீட்டர் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா, போகும்போது இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பும்போது அது முடியவே இல்லை. பாதியில் அவருக்குக் கால் மடங்கியது. ரேணு ஜி வீட்டுக்கு வீடு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எதிர்வீட்டிலிருந்து ஒருவர் வந்து தூக்கினார்.

முனையில் நின்ற முதல் ஆட்டோக்காரர் செல்வத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வண்டியில் ஏதாவது ஆகிவிட்டால் போலீஸ் தன்னைத்தான் கேட்கும் என்றார். இரண்டாவது ஆட்டோவில் இருந்தவர் வெள்ளைத் தாடி வைத்த பெரியவர். அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பைட்டோ, பேட்டி", உட்கார் மகளே என்று மட்டும் சொல்லி வண்டியைக் கிளப்பினார். ரேணு ஜி மான்சியையும் குளியலறையிலிருந்த தாயையும் குழந்தையையும் பார்க்கவேண்டும் என்று திரும்பி ஓடினார். வண்டியில் நானும் செல்வமும் மட்டும்.

ஞாயிறு கடைத்தெருக் கூட்டம். காய்கறி வண்டிகள், பைக்குகள், நடுவில் நின்று பேசுகிறவர்கள். பெரியவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. பிரதான சாலையில் நெரிசலைப் பார்த்ததும் எதிர்ப்பக்கத் தடத்தில் ஏறிவிட்டார். எதிரே வந்த கார்கள் விளக்கைப் போட்டுத் திட்டிக்கொண்டே விலகின. செல்வத்தின் தலை என் தோளில் கிடந்தது. ஒவ்வொரு மூச்சும் விசில் மாதிரி வந்தது. அந்தச் சத்தம் வரும்வரை எனக்குத் தெரியும், இருக்கிறார் என்று. நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பையங்கிட்ட இப்பம் சொல்லாத" என்றார். "பரீட்ச."

"நீங்களே சொல்லுங்க அப்புறம்" என்றேன்.

அவர் கண் மூடிக்கொண்டது. கையைக் கிள்ளினேன். கண்ணிமை ஆடியது, திறக்கவில்லை. விசில் சத்தம் இன்னும் மெல்லிசாகிவிட்டது. நான் பெரியவரின் முதுகைப் பார்த்து ஏதோ கேட்டேன், எந்த மொழியில் என்று நினைவில்லை. அவர் திரும்பாமலேயே, பேசிக்கொண்டே இரு, நிறுத்தாதே என்று சொன்னார். பேசினேன். மின்சாரக் கட்டணம் கட்டவில்லை, சமையல்வாயு நாளைக்கு வரும், தண்ணீர் ஃபில்டர் மாற்றவேண்டும். அவ்வளவுதான் வாயில் வந்தது. இன்னும் நல்லதாக எதையாவது சொல்லியிருக்கலாம்.

மருத்துவமனை வாசலில் பெரியவர் வண்டியை நிறுத்தாமல் சாய்தளத்தில் ஏற்றி அவசரப் பிரிவுக் கதவு வரை கொண்டுபோய் நிறுத்தினார். காவலாளி கத்தினார். அவர் அதைவிடச் சத்தமாகக் கத்தினார். ஸ்ட்ரெச்சர் வந்தது. ஒரு இளம் டாக்டர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது, ஒரு பார்வை பார்த்தாள். என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாள்: என்ன கொட்டியது? சொன்னதும் செல்வத்தின் பேன்ட்டின் தொடைப்பக்கத்தைக் கத்தரித்து அங்கேயே ஊசி போட்டாள். அட்ரினலின். பிறகு ஆக்சிஜன், ட்ரிப். சில நிமிடங்களில் இன்னொரு ஊசி. என்னை வெளியே போகச் சொன்னார்கள். நான் கதவிடுக்கில் நின்றேன், யாரும் மறுபடி சொல்லவில்லை.

நீலமாக இருந்த உதடு மெதுவாக நிறம் மாறியதைப் பார்த்தேன். பிறகு அவர் இருமினார். அந்த இருமலைக் கேட்டதும்தான் நான் தரையில் உட்கார்ந்தேன். எனக்குக் கொட்டிய மூன்று இடமும் அப்போதுதான் வலிக்க ஆரம்பித்தது. வெளியே வந்து ஆட்டோக்காரரைத் தேடினேன். பணம் வாங்காமலே போய்விட்டிருந்தார்.

மான்சியையும் அங்கேயே கொண்டுவந்தார்கள். முப்பதுக்குமேல் கொட்டியிருந்தும் அவளுக்கு மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. உடம்புக்கு உடம்பு வேறுபடும், உங்கள் கணவர் உடம்புக்கு அது ஆகாது, இதுவரை தெரியாமல் இருந்திருக்கிறது என்றாள் டாக்டர். மான்சியின் கட்டில் அருகே அவள் அம்மா உட்கார்ந்திருந்தார். ஷெர்வானிப் பையன் சுவரோரம் தனியாக நின்றான். மான்சி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அவனை நான் குறைசொல்ல மாட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்த பிறகும் நான் ஒரு நொடி நின்றேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்பினார்கள். மகனுக்கு அவரே போன் செய்து, "தேனீ கடிச்சுது, வேற ஒண்ணுமில்ல" என்று முடித்துவிட்டார். பக்கத்திலிருந்த எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

இனி போகிறவர்களுக்கு. டெல்லியில் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூன் வரை பழைய கட்டடங்களின் வளைவு, குவிமாடம், உயரமான மரக்கிளைகளில் மலைத்தேனீக் கூடு இருக்கலாம். உள்ளே நுழையும் முன் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் புகை, ட்ரோன், கூச்சல் எதுவும் வேண்டாம். நிறைய சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள். ஒன்று கொட்டிவிட்டால் அந்த இடத்திலேயே நின்று கையை வீசாதீர்கள். தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு விலகி, கதவு சாத்தக்கூடிய இடத்துக்குள் போய்விடுங்கள். கொட்டாத இடத்தில் தடிப்பு, உதடு வீக்கம், குரல் மாற்றம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எங்கே போனாலும் பக்கத்து மருத்துவமனை எது என்று போகும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது சாப்பாட்டுக் கடையைத் தேடுவதற்கு முன்னால் அதைத்தான் தேடுகிறேன். செல்வம் இப்போது எங்கே போனாலும் பையில் அட்ரினலின் ஊசி வைத்திருக்கிறார். அதைப் போட எனக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அடுத்த முறை கொட்டினால் இந்த வீக்கமும் மூச்சடைப்பும் இன்னும் வேகமாக வரலாம் என்று டாக்டர் சொன்னதை நான் மறப்பதில்லை.

அந்தக் கூட்டைக் கொளுத்திவிடவேண்டும் என்று சந்தில் சிலர் சொன்னார்களாம். பூக்காலம் முடிந்தால் அவை தாமாகவே போய்விடும், கொளுத்தினால் மறுபடியும் இதே கதைதான் என்று ரேணு ஜி மறித்திருக்கிறார். கஃபேயின் பெயரை எழுதவேண்டாம் என்று அவர் சொன்னது அதனால்தான். பெயர் பரவிக் கூட்டம் கூடினால், கூட்டைக் கொளுத்தவேண்டும் என்ற பேச்சும் கூடும். பின்கதவை மட்டும் இந்தக் கோடை முழுக்கப் பூட்டியே வைக்கப்போகிறார்.

நான்காவது ஞாயிறு, ரேணு ஜியைப் பார்த்து நன்றி சொல்லவேண்டும் என்று செல்வம் கிளம்பினார். போகவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போங்கள் என்றும் வரவில்லை. கூடவே போனேன். குதுப் மினார் நிலையத்தில் இறங்கி, எஸ்கலேட்டர் பக்கம் நடந்தபோது என் கால் நின்றுவிட்டது. கீழே வெயில் தெரிந்தது. என்னால் இறங்க முடியவில்லை.

அவர் திரும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். "நீ இங்கன இரி. நான் போயிட்டு வாரேன்" என்றார்.

நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்தேன். ரயில் வந்தது, போனது, மறுபடி வந்தது. போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கும். எஸ்கலேட்டரில் கூட்டத்தோடு அவர் ஏறி வந்தார். கையில் ஏதோ பொட்டலம் இருந்தது, வாயில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். நான் எதையும் கவனிக்கவில்லை. எழுந்து போய் அவர் உதட்டைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், இரண்டு உள்ளங்கையையும் திருப்பிப் பார்த்தேன். பிறகு, "இன்னொரு தடவ பேசுங்க" என்றேன். குரல் அவர் குரலாகத்தான் இருந்தது.